பீட்சாக் கடையில் ஆறாயிரம் குழல்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பேசாப் படக் காலத்தைப் பற்றி எழுதும்போது, அமெரிக்கத் தியேட்டர்களில் படத்துக்கு ஆர்கன் வாசித்தார்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்தன. அதனால் இந்த முறை சமையல், ஜாதகம், கிரிக்கெட் கேள்விகளை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டேன். கேட்டவர்கள் மன்னிக்கவும்.

மகனைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது அரிசோனாவில் மேசா என்ற ஊரில் ஒரு பீட்சாக் கடைக்கு அழைத்துப் போனான். தரைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய கீபோர்டு மேசை சுற்றிக்கொண்டே மேலே வந்தது, அதில் ஒருவர் உட்கார்ந்து வாசித்தார், சுவர் முழுக்கக் குழல்கள், மணி, மத்தளம் எல்லாம் தானாக அடித்துக்கொண்டன. அது என்ன? (ஒரு வாசகி, திருச்சி)

உங்கள் மகனுக்கு நல்ல ரசனை. நீங்கள் போனது ஆர்கன் ஸ்டாப் பீட்சா. அங்கே கேட்டது தியேட்டர் பைப் ஆர்கன். வுர்லிட்சர் கம்பெனி 1927-ல் கொலராடோவின் டென்வர் தியேட்டருக்காகச் செய்து கொடுத்தது. பிறகு அதோடு வேறு வேறு ஆர்கன்களின் குழல்களைச் சேர்த்துச் சேர்த்து இன்று கிட்டத்தட்ட ஆறாயிரம் குழல் ஆகிவிட்டது. பார்த்தால் ஏதோ கடைக்காரர் வியாபாரத்துக்காக வைத்த வித்தை மாதிரித் தெரியும், ஆனால் சுவரில் இருப்பது அத்தனையும் உண்மையான குழல், காற்று ஊதித்தான் சத்தம் வருகிறது, ஸ்பீக்கர் சமாச்சாரம் இல்லை. மத்தளமும் மணியும்கூட நிஜமானவைதான், மேசையில் கட்டையை அழுத்தினால் அங்கே காற்று ஒரு சின்னச் சுத்தியலைத் தள்ளுகிறது.

அது ஏன் பீட்சாக் கடையில் இருக்கிறது என்பதுதான் பெரிய கதை. வருகிறேன்.

சர்ச்சில் இருக்கும் பைப் ஆர்கனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் குழல், காற்று, கட்டைதானே? (ஒரு வாசகர், பாளையங்கோட்டை)

அடிப்படை ஒன்றுதான். ஆனால் ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் என்ற ஒரு ஆங்கிலேயர் குறுக்கே வந்தார். இவர் தொழிலால் டெலிபோன் எஞ்சினியர். சர்ச் ஆர்கனில் கட்டைக்கும் குழலுக்கும் நடுவே அதுவரை கம்பியும் மரச்சட்டமும் நெம்புகோலுமாக இருந்த இடத்தில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பார்த்த மின்சார வயரையும் ரிலே என்ற மின் சுவிட்சையும் கொண்டுவந்து வைக்கலாமே என்று யோசித்தவர்களில் முக்கியமானவர். வயர் வந்துவிட்டால் வாசிப்பவர் குழலுக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டியதில்லை, மேசையை லிஃப்டில் வைத்துத் தரைக்கடியிலிருந்து ஏற்றலாம், குழல்களை மேடைக்கு இரண்டு பக்கமும் அறைகளில் ஒளித்து வைக்கலாம்.

அவர் செய்த இரண்டாவது வேலைதான் இன்னும் பெரியது. சர்ச் ஆர்கனில் பொதுவாக ஒவ்வொரு குரலுக்கும் தனியாக ஒரு வரிசைக் குழல் வேண்டும். ஹோப்-ஜோன்ஸ் ஒரே வரிசையை நீட்டிவிட்டு அதையே கீழ் ஸ்தாயிக்கும் மேல் ஸ்தாயிக்கும், கைக்கும் காலுக்கும், எல்லாக் கட்டை வரிசைக்கும் பகிர்ந்து கொடுத்தார். கல்யாண வீட்டில் வரவேற்பில் நின்ற அதே சித்தப்பா பந்தியில் சாம்பார் ஊற்றி, கடைசியில் தாம்பூலப் பையும் கொடுப்பார் இல்லையா, அது மாதிரி. குறைந்த குழலில் பெரிய ஆர்கெஸ்ட்ரா. அதோடு காற்றின் அழுத்தத்தை சர்ச் ஆர்கனைவிடப் பல மடங்கு கூட்டி, குரல் நடுங்குகிற மாதிரி ஒரு அதிர்வையும் போட்டார்கள். தியேட்டர் ஆர்கன் என்றதும் காதில் விழும் அந்தக் குழைவு அதிலிருந்து வருவதுதான். அப்புறம் படத்துக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள்: குதிரைக் குளம்பு, பறவைச் சத்தம், கார் ஹாரன், கப்பல் சங்கு, வாசல் மணி.

சொந்த வாழ்க்கையில் மனிதர் பாவம். 1903-ல் அமெரிக்கா போனார், சொந்தமாகத் தொழிற்சாலை வைத்தார், பணம் நிற்கவில்லை, 1910-ல் எல்லாவற்றையும் வுர்லிட்சருக்கு விற்றுவிட்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார், அவர்களோடும் ஒத்துப்போகவில்லை. 1914-ல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். தன் பெயரை வைத்து வந்த பொற்காலத்தை அவர் பார்க்கவே இல்லை. அவர் கண்டுபிடித்த டயஃபோன் என்ற அடித்தொண்டைக் குழல் பிற்பாடு கடற்கரைகளில் மூடுபனி நேரத்தில் கப்பலை எச்சரிக்கும் ஊதலாகவும் போய்ச் சேர்ந்தது. ஒரு ஆர்கன்காரருக்கு இப்படியும் ஒரு நினைவுச் சின்னம்.

எத்தனை செய்தார்கள்? எல்லாம் எப்படிக் காணாமல் போனது? (ஒரு கல்லூரி மாணவர், கோவை)

வுர்லிட்சர் மட்டும் நியூயார்க் மாநிலத்தில் நார்த் டோனவாண்டா என்ற ஊரிலிருந்த தொழிற்சாலையில் 2,200-க்கும் மேல் செய்தது. 1926-ல் மட்டும் 300-க்கு மேல், அதாவது கிட்டத்தட்ட ஒரு நாளைக்கு ஒன்று. இதைத் தவிர ராபர்ட் மார்ட்டன், பார்ட்டன், கிம்பல், மோலர் என்று மற்ற கம்பெனிகள். ஊருக்கு ஊர் தியேட்டர் முதலாளிகள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள், ஏனென்றால் இருபது முப்பது வாத்தியக்காரர்களுக்கு வாரா வாரம் சம்பளம் கொடுப்பதைவிட ஒரே ஒரு ஆர்கனிஸ்ட் மலிவு. இதை மறந்துவிடக் கூடாது, இன்று நாம் கலைப்பொக்கிஷம் என்று கண்ணீர் விடும் இந்தச் சாமான் ஆள் குறைப்புக்காக வாங்கப்பட்ட எந்திரம்தான்.

அதே கணக்கு 1927 அக்டோபரில் அதன் மேலேயே திரும்பியது. 'தி ஜாஸ் சிங்கர்' வெளியானது, படம் பேச ஆரம்பித்தது, இனி ஆர்கனிஸ்ட் எதற்கு? இரண்டு வருஷத்தில் பங்குச் சந்தை வேறு விழுந்தது. ஆனாலும் ஆர்கன்களை உடனே யாரும் பிடுங்கி எறியவில்லை. பிடுங்கவும் காசு வேண்டுமே. பூட்டி வைத்தார்கள், அதுதான் மோசம். உள்ளே ஒவ்வொரு குழலுக்கும் கீழே சின்னச் சின்னத் தோல் பைகள் உண்டு, காற்றை விடுவதும் நிறுத்துவதும் அவைதான். முப்பது, நாற்பது வருஷத்தில் அந்தத் தோல் காய்ந்து வெடிக்கும். எங்கள் வீட்டில் பரணில் போட்ட ஆர்மோனியத்தைப் பத்து வருஷம் கழித்து இறக்கிப் பார்த்தபோது துருத்தி முழுக்க ஓட்டை, கையை வைத்ததும் பொடிந்து கையோடு வந்துவிட்டது. அதுவே ஆயிரக்கணக்கில் என்று நினைத்துப் பாருங்கள். மேலே கூரை ஒழுகும், எலி வயரைக் கடிக்கும், குழலுக்குள் காரைத் துகள் விழும். அப்புறம் டிவி வந்தது, தியேட்டரே காலி ஆனது, 1960-களில் நகரத்தின் நடுவில் இருந்த அந்த அரண்மனை மாதிரித் தியேட்டர்களை இடித்துவிட்டுப் பார்க்கிங்கும் ஆபீஸ் கட்டடமும் கட்டினார்கள்.

இடித்த தியேட்டர்களின் ஆர்கன்கள் எங்கே போயின? பழைய இரும்புக்கா? (ஒரு வாசகர், சேலம்)

கொஞ்சம் அப்படியும் போயின. குழலில் இருப்பது ஈயமும் தகரமும் துத்தநாகமும், எடைக்குப் போட்டால் விலை உண்டு. ஆனால் தப்பித்தவற்றின் கதைதான் சுவாரஸ்யம், ஒவ்வொன்றும் ஒரு திசையில் போயிருக்கிறது.

நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் பாரமவுண்ட் தியேட்டர், 1926. அங்கே இருந்த 36 வரிசை வுர்லிட்சரில் ஜெஸ்ஸி கிராஃபோர்டு வாசித்ததைக் கேட்டுத்தான் ஒரு தலைமுறையே தியேட்டர் ஆர்கன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. தியேட்டர் 1964-ல் மூடப்பட்டது. ஆர்கன் போய்ச் சேர்ந்த இடம் கேன்சஸ் மாநிலத்தின் விச்சிடா, அங்கே செஞ்சுரி டூ என்ற மாநாட்டு மண்டபத்தில் 1972-ல் மறுபடி ஒலித்தது. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபாக்ஸ் தியேட்டர் 1929-ல் திறந்து 1963-ல் தரைமட்டம். அதன் ஆர்கன் ஒரு தனியார் வீட்டில் பல வருஷம் குடியிருந்துவிட்டு, டிஸ்னி நடத்தும் ஹாலிவுட் எல் கேபிடன் தியேட்டருக்கு வந்தது. படம் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் ஆர்கன், எங்கே ஆரம்பித்ததோ அதே வேலை. இவ்வளவு சுற்றிவிட்டுச் சொந்தத் தொழிலுக்கே திரும்பிய ஆர்கன் அபூர்வம்.

எல்லாவற்றுக்கும் அந்த யோகம் இல்லை. சிகாகோ ஸ்டேடியத்தில் 1929-ல் ஒரு பார்ட்டன் ஆர்கன் வைத்தார்கள், தியேட்டர்கூட இல்லை, ஹாக்கியும் குத்துச்சண்டையும் நடக்கும் மைதானக் கூடம். வாசிக்கும் மேசையில் ஆறு அடுக்குக் கட்டைகள், அந்தக் கூட்டத்தின் கூச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமே. ஸ்டேடியத்தை 1995-ல் இடித்தபோது ஆர்கனைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். பத்திரம் என்று நினைத்த கிடங்கு அடுத்த வருஷமே தீப்பிடித்துக் குழல்கள் எல்லாம் போய்விட்டன. மேசை மட்டும் மிஞ்சியது. அறுபத்தைந்து வருஷம் சத்தத்திலும் சிகரெட் புகையிலும் நின்றது, கிடங்கில் ஒரு வருஷம் தாங்கவில்லை.

இடம் மாறாமலே பிழைத்தவையும் உண்டு. நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் 1932-ல் வைத்த 58 வரிசை வுர்லிட்சர், அந்தக் கம்பெனி தியேட்டருக்குச் செய்ததிலேயே பெரியது, இன்றும் அங்கேதான். அட்லாண்டா ஃபாக்ஸ் தியேட்டரில் 3,622 குழல் கொண்ட மோலர், ஊர்க்காரர்கள் செல்லமாக மைட்டி மோ என்பார்கள். அந்தத் தியேட்டரையும் 1970-களின் நடுவில் இடிக்கப் பார்த்தார்கள். யார்? தலைமை அலுவலகம் கட்ட இடம் தேடிய ஒரு டெலிபோன் கம்பெனி. டெலிபோன் எஞ்சினியர் பெற்ற பிள்ளையை டெலிபோன் கம்பெனியே காவு வாங்க வந்தது. ஊரே திரண்டு நிதி சேர்த்துத் தடுத்துவிட்டது.

சரி, பீட்சா எங்கே வந்தது? ஒரு மதிப்புமிக்க வாத்தியத்தைச் சாப்பாட்டுக் கடையில் வைப்பது அவமானமாகத் தெரியவில்லையா? (முதல் கேள்வியைக் கேட்ட வாசகியின் கணவர்)

1962-ல் கலிஃபோர்னியாவின் ஹேவர்டு என்ற ஊரில் ஒரு பீட்சாக் கடைக்காரர் தன் கடையில் ஒரு தியேட்டர் ஆர்கனை வைத்தார். கூட்டம் அள்ளியது. அவரைப் பார்த்து எழுபதுகளில் நாடு முழுக்கப் பல கடைகள். அந்தச் சமயத்தில் ஆர்கன் கொள்ளை மலிவு, தியேட்டர்காரர்கள் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றிருந்தார்கள். பிறகு மோகம் குறைந்தது, கடைகள் ஒவ்வொன்றாக மூடின, மேசா மாதிரி ஒன்றிரண்டுதான் இன்னும் நிற்கின்றன.

அவமானமா என்றால், எனக்கு இல்லை சார். ஆர்கன் என்பது வாசிக்காமல் வைத்தால் சாகிற சாமான். தினமும் காற்று ஓட வேண்டும், தினமும் யாராவது எந்தக் கட்டை மக்கர் பண்ணுகிறது என்று கவனிக்க வேண்டும், அதற்கு ஒரு ஆளுக்குச் சம்பளம் போட வேண்டும். இதை எல்லாம் மாதா மாதம் தவறாமல் செய்தது எந்த அருங்காட்சியகத்தையும்விட அதிகமாக அந்தப் பீட்சாக் கடைகள்தான். எண்ணெய்ப் புகை ஏறும், குழந்தைகள் கத்தும், வாசிப்பவர் பிறந்தநாள் பாட்டையே ராத்திரிக்குப் பத்துத் தடவை வாசிப்பார், உண்மை. ஆனால் பிறந்த காலத்தில் மட்டும் என்ன, மௌனமாக உட்கார்ந்து கேட்டார்களா? பாப்கார்ன் தின்றுகொண்டுதான் கேட்டார்கள். எனக்கு உறுத்துவது வேறு. அந்த ஆர்கன்களை இரண்டாயிரம் மூவாயிரம் பேர் உட்காரும் கூடத்துக்கென்று கணக்குப் போட்டுச் செய்தார்கள். சத்தம் குழல் அறையிலிருந்து ஷட்டர் வழியாக வெளியே வந்து, அந்த உயர்ந்த கூரையில் முட்டி, தேய்ந்து, குழைந்து கீழே இறங்குவதுதான் அதன் குரல். அதைத் தாழ்ந்த கூரைக்குக் கீழே கொண்டுவந்து வைத்தால் குழல் அதே, குரல் வேறு. கூடத்தையும் சேர்த்துத்தான் வாத்தியம், பாதியைத்தான் லாரியில் ஏற்ற முடிந்தது.

இங்கிலாந்திலும் இருந்ததாமே? பிளாக்பூல் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். (ஒரு வாசகர், லண்டன் ஈஸ்ட் ஹாம்)

உங்கள் ஊர்க்காரர்கள் இன்னும் பிடிவாதக்காரர்கள். அங்கே பேசும் படம் வந்த பிறகும் முப்பதுகள் முழுக்கப் புதிது புதிதாக வைத்துக்கொண்டே இருந்தார்கள், இடைவேளையில் ஆர்கன் வாசிப்பு என்பது தனி அயிட்டம், பிபிசி வானொலியில் வேறு தினம் ஒலிபரப்பு. காம்ப்டன் என்ற உள்ளூர்க் கம்பெனி மேசையைச் சுற்றிக் கண்ணாடி வைத்து உள்ளே கலர் கலராக விளக்குப் போட்டது. அதில் ஐந்து அடுக்கு ஒன்று 1937-லிருந்து லெஸ்டர் சதுக்கம் ஓடியன் தியேட்டரில் இருக்கிறது, உங்களுக்கு ரயில் தூரம்தான். கடலோர ஊரான பிளாக்பூலின் டவர் நடனக் கூடத்தில் ரெஜினால்ட் டிக்சன் 1930-லிருந்து 1970 வரை, நாற்பது வருஷம், ஒரே கூடத்தில் வாசித்தார். அங்கே இன்றும் வயதானவர்கள் ஜோடி ஜோடியாக ஆடுகிறார்கள், ஆர்கன் வாசிக்கிறது. ஆடுவதற்கு ஆள் இருக்கிறவரை அதற்குப் பயமில்லை.

மற்ற இடங்களில் தியேட்டர் பிங்கோ ஆடும் கூடமானது, சர்ச் ஆனது. லண்டன் கில்பர்னில் 1937-ன் கோமாண்ட் ஸ்டேட் தியேட்டர், இப்போது தேவாலயம், வுர்லிட்சர் உள்ளேயே இருக்கிறது. லண்டனிலேயே டூட்டிங் பகுதியின் கிரனாடா தியேட்டர் பிங்கோக் கூடமானது, அங்கே ஆர்வலர்கள் வருஷக்கணக்கில் உழைத்து ஆர்கனைச் சரிசெய்து 2007-ல் வாசித்தும் காட்டினார்கள், அதே வருஷம் வெள்ளம் புகுந்து பாழாக்கியது. பிரிட்டனுக்கு வந்த முதல் வுர்லிட்சர் 1925-ல் வால்சால் ஊரின் சினிமாவில் ஆரம்பித்தது, பிறகு டெவன் கடலோரத்தில் பியர் என்ற சின்னஞ்சிறு ஊரின் சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்தது. டூரிங் டாக்கீஸ் தெரிந்த நமக்குப் பிடித்துப்போகும் ஆள் ரெஜினால்ட் ஃபூர்ட். 1938-ல் ஐந்து அடுக்கு மோலர் ஆர்கன் ஒன்றை அமெரிக்காவில் செய்யச் சொல்லி, லாரிகளில் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோய் மாட்டி வாசித்தார். போர் வந்து அந்தப் பயணத்தை நிறுத்தியது. பிபிசியின் சொந்த ஆர்கன் குண்டுவீச்சில் அழிந்ததால் அவர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஹாலந்து வானொலிக்குப் போனது. பிறகு, ஆமாம், ஒரு பீட்சாக் கடைக்காக கலிஃபோர்னியாவுக்கு. கடைசியில் 1980-ல் பாசடீனா நகர அரங்கில் இறங்கியது.

குழல் ஒரு ஊர், மேசை ஒரு ஊர், வயர் எல்லாம் புதிசு என்றால் அது பழைய ஆர்கன்தானா? (ஒரு தமிழாசிரியர், கும்பகோணம்)

உங்கள் ஊர்த் தேரைக் கேளுங்கள் ஐயா. அச்சு மாற்றியிருப்பார்கள், சக்கரம் மாற்றியிருப்பார்கள், பொம்மைகளில் பாதி புதிது. ஆனாலும் தேர் அதுதான், ஏனென்றால் அதே வீதியில் அதே நாளில் ஓடுகிறது. ஆர்கனுக்கு வீதியும் போய்விட்டது, அதுதான் சிக்கல். இதைப் பற்றி ஆர்வலர்களுக்குள் பெரிய சண்டையே உண்டு. ஒரு கோஷ்டி, தொழிற்சாலையிலிருந்து வந்தபடி ஒரு குழலைக்கூட மாற்றக் கூடாது என்கிறது. இன்னொரு கோஷ்டி, நாலு ஆர்கனைப் பிரித்து ஒரு பிரம்மாண்டம் கட்டினால் என்ன என்கிறது. தோல், வயர் மாற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் முழுசாக உயிரோடு இருக்கிற ஒன்றைப் பிரித்து இன்னொன்றைப் பெரிசாக்குவது சரியாகப் படவில்லை. பழைய ரிலே அலமாரியைத் தூக்கிவிட்டு கம்ப்யூட்டர் பலகை வைத்துவிடுகிறார்கள், இதனால்தான் பலவும் இன்றைக்கு ஓடவே செய்கின்றன.

கம்ப்யூட்டரிலேயே அந்தச் சத்தம் வருமே, குழல் எதற்கு? (ஒரு வாசகர், பெங்களூரு)

வருகிறது, ஒவ்வொரு குழலையும் தனித்தனியாகப் பதிவு செய்து வைத்து வீட்டில் வாசிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, நன்றாகவே இருக்கின்றன. இந்த ஆசையும் புதிதில்லை. 1935-ல் ஹாமண்ட் எலக்ட்ரிக் ஆர்கன் வந்தது. பிறகு டான் லெஸ்லி என்பவர் ஒன்றை வாங்கினார், தியேட்டர் ஆர்கனின் அந்தக் குழைவு அதில் வரவில்லை என்று நொந்து, சுழலும் ஸ்பீக்கர் ஒன்றைச் செய்தார். பிற்காலத்தில் ஜாஸும் ராக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. நீங்கள் கேட்கும் பல பழைய பாட்டுகளின் ஹாமண்ட் சத்தத்தில் அந்த ஏக்கம்தான் சுழல்கிறது. ஆனாலும் 16 அடிக் குழல் ஊதும்போது நெஞ்சுக்கூடு அதிர்வதை ஹெட்ஃபோனில் வாங்க முடியாது.

இப்போது ஒன்று வாங்க வேண்டுமானால் எவ்வளவு ஆகும்? (ஒரு வாசகர், அண்ணா நகர்)

சும்மாவே கிடைக்கும், விளையாட்டில்லை. 1955-ல் அமெரிக்கத் தியேட்டர் ஆர்கன் சங்கம் ஆரம்பித்த தலைமுறை, இடிபடும் தியேட்டர்களிலிருந்து ஆர்கனைக் கழற்றிக்கொண்டு போய் வீட்டில் மாட்டியது. அதற்காகவே வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாடி உயரக் கூடம் கட்டியவர்கள் உண்டு. அந்த மனிதர்கள் இப்போது ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு வீட்டை விற்க வேண்டும், யாராவது வந்து எடுத்துக்கொண்டு போனால் சரி என்கிறார்கள். ஆர்கன் இலவசம்தான். கழற்றுவதற்கு ஆள், சில டன் எடையை ஏற்றிவர கப்பல், தோல் முழுக்க மாற்ற ஒரு வருஷமோ இரண்டோ, காற்று மோட்டாருக்குக் கரண்ட், இருபதடி உயரத்தில் ஒரு கூடம், அப்புறம் வாசிக்கத் தெரிந்த ஒருவர். நீங்கள் ஃபிளாட்டில் மூன்றாவது மாடி என்று எழுதியிருக்கிறீர்கள். கீழ் வீட்டுக்காரரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.